பறவைக் காய்ச்சல் அச்சம்: கோழியை விட்டு ஆட்டிறைச்சிக்கு மாறினால் போதுமா?

புதுதில்லி: பறவைக் காய்ச்சல் பரவுவதாகச் செய்தி வெளியானவுடன் பல குடும்பங்கள் கோழி இறைச்சியைத் தவிர்த்துவிட்டு ஆட்டிறைச்சிக்கும் மீனுக்கும் மாறுகின்றன. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் நவாபூரில் நாட்டின் முதல் பாதிப்பு உறுதியானபோதும், 2021 ஜனவரியில் கேரளம், ஹரியாணா உள்ளிட்ட மாநிலங்களில் நோய் பரவியபோதும், 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களில் கோழிகள் உயிரிழந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. இந்த மாற்றம் குடும்பத்தினரைக் காக்கிறதா என்பது ஆராயத்தக்க கேள்வி.

வெப்பத்துக்குத் தாங்காத தீநுண்மி

பறவைக் காய்ச்சலுக்குக் காரணமான தீநுண்மி, இறைச்சியின் எல்லாப் பகுதிகளும் 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டும்போது அழிந்துவிடும் என உலக சுகாதார அமைப்பும், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமும் தெரிவித்துள்ளன. கொதிக்கும் குழம்பின் வெப்பம் இதைவிட அதிகம். எனவே, நன்கு வெந்த கோழிக் குழம்பால் நோய் தொற்றும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை.

அதேவேளையில், தீயில் வாட்டும் உணவுகளில் எச்சரிக்கை தேவை. மேற்புறம் கருகியிருந்தாலும் உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தால் இறைச்சி வேகவில்லை என்றே பொருள். ஆஃப் பாயில் முட்டையையும் நோய் பரவும் காலத்தில் தவிர்க்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் உறைய வைப்பதால் இந்தத் தீநுண்மி அழிவதில்லை.

ஆபத்து எங்கே உள்ளது?

உண்மையான ஆபத்து, இறைச்சி அடுப்பில் ஏறுவதற்கு முந்தைய கட்டத்தில்தான் உள்ளது. நோயுற்ற பறவைகளைத் தொடுவது, உயிருள்ள கோழிகள் விற்கப்படும் இடத்திலேயே அவற்றை அறுத்துச் சுத்தம் செய்வது, பச்சை இறைச்சியைக் கையாண்ட கைகளைக் கழுவாமல் பிற பொருள்களைத் தொடுவது ஆகியவற்றின் வழியாகவே தொற்றுக்கு வாய்ப்பு அதிகம்.

2025 மார்ச்சில் ஆந்திரத்தில் 2 வயதுக் குழந்தை பறவைக் காய்ச்சலால் உயிரிழந்தது. சமைக்காத கோழித் துண்டு ஒன்றை அக்குழந்தை உண்டதாகப் பெற்றோர் மருத்துவர்களிடம் கூறியதாகச் செய்திகள் வெளியாயின. இறைச்சி வெட்டும் இடத்திலிருந்து குழந்தைகளை விலக்கி வைப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதை இந்த இழப்பு உணர்த்துகிறது.

ஆட்டிறைச்சி வாங்குவோரும் இந்தக் கவனத்தைக் கைவிட இயலாது. பறவைக் காய்ச்சல் இல்லாத காலத்திலும் சால்மோனெல்லா, ஈ-கோலி போன்ற நுண்ணுயிரிகள் பச்சை இறைச்சியில் இருக்கக்கூடும். இறைச்சி வெட்டிய பலகையிலேயே வெங்காயத்தையும் வெள்ளரிக்காயையும் நறுக்கினால், இறைச்சியின் வகையை மாற்றியதால் பயன் இல்லை. குழாய் நீரை வேகமாகத் திறந்துவிட்டு இறைச்சியைக் கழுவும்போது தெறிக்கும் துளிகளும் கிருமிகளைப் பரப்பும்.

அச்சங்கள் அனைத்தும் ஒன்றல்ல

ஒவ்வொரு நோய்க்கும் உரிய எச்சரிக்கை வேறுபடும். 2020-இல் அசாம், அருணாசலப் பிரதேசத்தில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பன்றிகளுக்குக் கொடியது; ஆனால், மனிதர்களுக்குத் தொற்றாது. பன்றி இறைச்சியைக் கொண்டு செல்ல விதிக்கப்படும் கட்டுப்பாடுகள், உண்போரின் உடல்நலத்தை விடப் பண்ணைகளைக் காப்பதற்கானவை. அரசுகள் தடை அறிவிக்கும்போது, அது யாரைக் காப்பதற்கானது என்பதையும் சேர்த்து விளக்கினால் தேவையற்ற பீதி குறையும்.

இழப்பைச் சுமப்பவர்கள்

பறவைக் காய்ச்சல் உறுதியான இடத்திலிருந்து 1 கி.மீ. சுற்றளவு பாதிப்புப் பகுதியாகவும், 10 கி.மீ. வரை கண்காணிப்புப் பகுதியாகவும் அறிவிக்கப்படுகின்றன. அழிக்கப்படும் பறவைகளுக்கான இழப்பீட்டை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்து வழங்குகின்றன. ஆனால், நோயே இல்லாத தொலைதூர மாவட்டத்தில் விற்பனை சரிந்து நஷ்டமடையும் சிறு பண்ணையாளருக்கும் இறைச்சிக் கடைக்காரருக்கும் இந்த இழப்பீடு பொருந்தாது. மறுபுறம், மலிவான புரதத்துக்குக் கோழியையும் முட்டையையும் நம்பியுள்ள ஏழைக் குடும்பங்களுக்கு ஆட்டிறைச்சி எட்டாத விலையில் உள்ளது. 'கோழிக்குப் பதில் ஆடு' என்ற அறிவுரை அவர்களுக்கு உதவாது.

பாதிப்புப் பகுதிகளில் அரசின் கட்டுப்பாடுகளைப் பின்பற்றுவது அனைவரின் கடமை. பிற பகுதிகளில் இருப்போர், உரிமம் பெற்ற, தூய்மையான கடையில் வாங்குவது, இறைச்சிக்குத் தனிப் பலகையும் கத்தியும் வைத்துக்கொள்வது, சோப்பால் கை கழுவுவது, முழுமையாக வேகவைப்பது ஆகியவற்றைக் கடைப்பிடித்தால், தங்கள் விருப்பத்துக்கும் வருவாய்க்கும் ஏற்ற இறைச்சியை அச்சமின்றிச் சமைக்கலாம்.