காற்று விட்ட வழி

நைல் நதியில் போகிறவர்கள் மாடி மாடியாய் அடுக்கிய சொகுசுக் கப்பலை விட்டுவிட்டு ஃபெலூக்காவில் ஏற வேண்டும் என்பேன். முக்கோணப் பாய் கட்டிய மரப்படகு அது. காற்றும் நீரோட்டமும்தான் அதை நகர்த்தும். ஆறு வடக்கே ஓடுகிறது, காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்தே வீசுகிறது. அதனால் அஸ்வானிலிருந்து இறங்கும் படகு நீரோட்டத்தைப் பிடித்துக்கொண்டு, எதிர்க்காற்றில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக வளைந்து வளைந்து போகும். இந்தத் தாமதம்தான் வரம். கொம் ஓம்போவில் முதலைமுகக் கடவுள் சோபெக்குக்கும் பருந்துமுகக் கடவுள் ஹோரஸுக்கும் சரிபாதியாகக் கட்டிய இரட்டைக் கோயில் ஆற்றங்கரையிலேயே நிற்கிறது. அதன் தூண்கள் தொலைவிலிருந்து மெல்ல உயர்ந்து வருவதைப் படகிலிருந்து ஆற அமரப் பார்க்கலாம். எனக்கு அதைவிடப் பெரிது, அடுத்து வரும் கெபல் எல்-சில்சிலா. ஆறு ஒடுங்கும் அந்த இடத்தில் இரு கரையிலும் மணற்கல் குவாரிகள். கர்னாக் கோயிலுக்கும் எட்ஃபு கோயிலுக்கும் கல் போனது இங்கிருந்துதான். வெட்டிய சுவர்களில் உளி இழுத்த சாய்வுக் கோடுகள் வரிவரியாக இன்னும் தெரிகின்றன. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் இங்கே நிற்பதில்லை. கோயிலைக் காட்டிவிட்டு, அதன் கல் பிறந்த இடத்தைக் கடந்து ஓடும் பயணத்திட்டத்தை என்னால் ஏற்க முடியவில்லை. எட்ஃபுவுக்கு மறுநாள் போனால் போதும்.