ஆற்றங்கரைச் சுகம் யாருக்கு?

தண்ணீர்க் கரையில் குடியிருப்பது உடம்புக்கு நல்லது என்று நம் ஜனங்கள் வெகு காலமாய்ச் சொல்லி வருகின்றார்கள். சொன்னது தப்பல்ல. ஆனால் ஏன் நல்லது என்று கேட்டால்தான் வந்தது ஆபத்து. அந்த ஆறு புண்ணிய நதியாம். அந்தக் குளத்தில் இன்ன சாமி இறங்கிக் குளித்தாராம். அதில் மூன்று முழுக்குப் போட்டால் தீராத வியாதியும் தீருமாம். இந்தக் கதையை நம்பிப் பாசி பிடித்த தண்ணீரில் முழுகி, இல்லாத சொறியையும் சிரங்கையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினவர்கள் எத்தனையோ பேர்.

நிற்க, இந்த விஷயத்தில் அறிவு என்ன சொல்லுகின்றது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் 2001ஆம் வருஷத்து ஜனக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்தார்கள். கடலுக்குக் கிட்டத்தில் வசிப்பவர்களில், தங்கள் உடம்பு நன்றாயிருப்பதாகச் சொன்னவர்கள் சற்று அதிகமாகக் காணப்பட்டார்கள். 2012இல் இதை வெளியிட்டபோது அவர்கள் மற்றொன்றும் சொன்னார்கள். அதாவது, இந்த நன்மை ஏழைகள் அதிகமாய் வசிக்கும் பகுதிகளில்தான் கூடுதலாகத் தெரிகின்றது என்பதாகும்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. தண்ணீர் இருக்குமிடத்தில் காற்று வரும். பகல் வெயிலின் கொடுமை சற்றுக் குறையும். கால் வீசி நடக்க இடமிருக்கும். நாளெல்லாம் உழைத்தவனுக்கு மனம் சற்று ஆறும். பணக்காரனுக்குத் தோட்டமும், குளிர் இயந்திரமும், மலை வாசமும் இருக்கின்றன. ஒண்டுக் குடித்தனத்தில் ஒரே அறையில் ஐந்து பேர் படுத்து எழுகிறவனுக்கு என்ன இருக்கின்றது? ஆகவே ஓர் ஆறோ, ஏரியோ, கடற்கரையோ சுத்தமாக இருந்தால் அதிக லாபம் ஏழைக்குத்தான்.

ஆனால் சுத்தமாக இருந்தால் என்பதுதான் இங்கே முக்கியம். 1884ஆம் வருஷம் ராபர்ட் காக் என்னும் ஜெர்மன் டாக்டர் கல்கத்தாவுக்கு வந்து, ஜனங்கள் குளிப்பதும் துவைப்பதும் குடிப்பதுமாயிருந்த ஒரு குளத்துத் தண்ணீரில் காலராக் கிருமியைக் கண்டுபிடித்தார். அம்மன் கோபம் என்று நாம் கூழ் ஊற்றிக் கொண்டிருந்த வியாதியின் யோக்கியதை அன்றே வெளிப்பட்டு விட்டது. யானைக்கால் வியாதியோ முன் ஜன்மத்துப் பாவம் என்று சொல்லப்பட்டது. அதைப் பரப்புவது சாக்கடைத் தேக்கத்தில் முட்டையிடும் கொசு என்பது இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே தண்ணீருக்குத் தன்னளவில் புண்ணியமும் கிடையாது, பாவமும் கிடையாது. சுத்தமாயிருந்தால் சுகம், அசுத்தமாயிருந்தால் வியாதி.

இனி நமது சென்னைப் பட்டணத்தைப் பாருங்கள். கூவம், அடையாறு என இரண்டு ஆறுகள், ஒரு பக்கிங்ஹாம் கால்வாய், எதிரே கடல். வேறெந்த ஊருக்கு இவ்வளவு வாய்க்கும்? ஆனால் கூவம் என்ற பேரே நாற்றத்துக்குப் பேராய் விட்டது. மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் கட்டினோம். மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைச் சாலை என்று பேர் மாத்திரம் மிச்சம். நுங்கம்பாக்கத்து ஏரி போன இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறந்தோம். நீரின் அருமையைச் சொன்ன வள்ளுவருக்கு நீரைத் தூர்த்தா கோட்டம் கட்ட வேண்டும்?

"கரையில் குடிசை போட்டவர்கள்தானே ஆற்றைக் கெடுத்தார்கள்?" என்று சில கனவான்கள் கேட்கின்றார்கள். நாமும் அவர்களைக் கேட்கின்றோம். ஐயா, உங்கள் நான்கு மாடி வீட்டுக் கக்கூசில் சங்கிலியை இழுத்ததும் போகின்றதே, அது எங்கே போகின்றது என்று எப்போதாவது விசாரித்ததுண்டா? சுத்தம் செய்யப்படாத சாக்கடை மழைநீர்க் கால்வாய் வழியாக ஆற்றில் விழுவதைப் பாலத்தின் மேல் நின்றாலே பார்க்கலாமே! ஊர் முழுவதும் சேர்ந்து கெடுத்து விட்டு, அந்த நாற்றத்தில் படுத்திருப்பவன் தலையில் பழியைப் போடுவது எந்த ஊர் நியாயம்?

இத்தோடும் முடியவில்லை. ஆற்றைச் சீர்திருத்துகின்றோம் என்றும், வெள்ள அபாயம் என்றும் சொல்லி, கரையிலிருந்த ஏழைகளை 2000ஆம் வருஷம் முதல் கண்ணகி நகருக்கும், 2015ஆம் வருஷத்து வெள்ளத்திற்குப் பிறகு பெரும்பாக்கத்திற்கும் ஆயிரக்கணக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அவர்களை வெள்ளத்தில் சாக விட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால், பிழைப்பும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பட்டணத்துக்குள் இருக்க, குடியிருப்பு மாத்திரம் பத்து மைலுக்கு அப்பால் பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் பக்கத்திலா? அதே ஆற்றங்கரையில் பெரிய பெரிய மாளிகைகளும் நிற்கின்றனவே, அவற்றை மாத்திரம் வெள்ளம் மரியாதை கொடுத்துச் சுற்றிப் போகுமா? நாற்றம் இருக்கும்வரை ஆற்றங்கரை ஏழைக்கு; பூங்காவும் நடைபாதையும் வரப்போகின்றது என்றால் ஏழை வெளியே. இது தவிர இதில் வேறென்ன நீதி இருக்கின்றது?

இந்தப் புத்தி நமக்குப் புதிதல்ல. நாயும் மாடும் குடித்த குளத்தில் ஒரு மனிதன் கை வைத்தால் தீட்டு என்று சொன்ன நாடு இது. 1927ஆம் வருஷம் மஹத் ஊரில் பொதுக் குளத்துத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடிப்பதற்கு டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களை அழைத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அன்று ஜாதியின் பேரால் தடுத்தார்கள். இன்று அழகின் பேரால் தடுக்கின்றார்கள். தடுக்கப்படுகின்றவர்கள் பெரும்பாலும் அதே ஜனங்கள்தான்.

இதற்கு மாறாக, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மெரினாவுக்குப் போய்ப் பாருங்கள். மூட்டை தூக்குகிறவரும் வருவார், வக்கீலும் வருவார். ஜாதி கேட்பாரில்லை, தட்சணை கேட்பாரில்லை. காற்று எல்லோர் மீதும் ஒன்று போலத்தான் வீசுகின்றது. எந்தப் புராணமும் இல்லாமலே அந்தக் கரை லட்சம் பேருக்கு வைத்தியம் செய்கின்றது.

ஆற்றையும் அப்படி ஆக்க முடியுமா என்றால், முடியும். 1858ஆம் வருஷம் தேம்ஸ் நதியின் நாற்றம் லண்டன் பார்லிமெண்டுக்குள்ளேயே புகுந்தது. மெம்பர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அவசரமாய்ச் சட்டம் செய்தார்கள். பேஸல்கெட் என்னும் எஞ்சினீயர் பட்டணத்துக்கு அடியில் பெரிய சாக்கடைகள் கட்டினார். அவர் நதிக்கு ஆரத்தி எடுக்கவில்லை. செங்கல்லும் சிமெண்டும்தான் எடுத்தார். இங்கேயோ நாற்றம் ஏழையின் மூக்கோடு நின்று விடுவதால்தான் எவருக்கும் அவசரம் பிறப்பதில்லை.

ஆகவே தோழர்களே! உங்கள் ஊரில் ஆறோ ஏரியோ குளமோ இருந்தால், அதற்குக் கும்பாபிஷேகத் தேதி எப்போது என்று கேட்காதீர்கள். அதில் விழும் சாக்கடை எது, அதை அடைப்பது எப்போது என்று கேளுங்கள். கரையைச் சீர்திருத்தினால், அங்கிருந்தவர்களுக்கு அதே பகுதியில் வீடு எங்கே என்று கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் இதைக் கேளுங்கள். தண்ணீரின் சுகம் வரமல்ல, உரிமை. அதை வேண்டிப் பெற முடியாது; கேட்டுத்தான் வாங்க வேண்டும்.