குழந்தையின் இடுப்பில் ஓர் அளவுகோல்

மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிஷமாவது ஓடியாட வேண்டும், அதில் 60 நிமிஷமேனும் மூச்சு வாங்கும்படியான ஆட்டமாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் விதித்தது. விதித்தவர்களின் நோக்கம் உத்தமமானதே. ஆனால், அந்த 60 நிமிஷத்தை யார், எவ்விதம் அளப்பது? தாயாரைக் கேட்டால் ஞாபகத்திலிருந்துதான் சொல்ல முடியும். குழந்தையின் ஓட்டமோ ஞாபகத்தில் தங்கும்படி நேரங்குறித்துத் தொடங்கி முடிவதன்று. 1995-இல் அமெரிக்காவில் பெய்லி என்பவரும் அவருடைய சகாக்களும் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள சிறுவர் சிறுமியரைக் கூர்ந்து கவனித்தபோது, தீவிரமான ஆட்டங்களில் பாதியாவது 3 விநாடிக்கு மேல் நீடிக்கவில்லை. 15 விநாடியைத் தாண்டியது மிக அபூர்வம்.

இதனால்தான், இடுப்பில் வாரால் கட்டப்பெற்று, உடலின் வேக மாறுதலை ஓயாமல் பதிவு செய்யும் தீப்பெட்டியளவான முடுக்கமானியை ஆராய்ச்சியாளர்கள் நாடினார்கள். அது அருமையான சாதனம், சந்தேகமில்லை. ஆயினும், அது எண்களைத் தருமேயன்றி, எந்த எண்ணுக்கு மேற்பட்டது தக்க ஆட்டம் என்று தீர்ப்புச் சொல்லாது. அந்த எல்லைக்கோட்டைப் போடுபவர்கள் மனிதர்கள். குழந்தைகளைக் கண்ணால் பார்த்து வகைப்படுத்தி 2005-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு 15 விநாடியில் 812 என்று கோடு போட்டது. பிராணவாயுச் செலவை அளந்து 2006-இல் வெளியான மற்றொன்று, பாலர் பள்ளிக் குழந்தைகளுக்கு அதே 15 விநாடியில் 420 என்றது. ஒரே குழந்தை, ஒரே நாள், ஒரே கருவி. முதற்கோட்டின்படி மந்தமாயிருந்த பல நிமிஷங்கள், இரண்டாவதன்படி சுறுசுறுப்பானவையாகிவிடுகின்றன. விநாடிக் கணக்கை விட்டு நிமிஷக் கணக்காகக் கூட்டினாலோ, 3 விநாடிப் பாய்ச்சல்கள் பக்கத்திலுள்ள ஓய்வோடு கலந்து கரைந்தே போகும். இடுப்பிலுள்ள கருவி சைக்கிள் மிதிப்பதைச் சரிவர அறியாது. குழந்தையைத் தாய் தூக்கிக்கொண்டு நடந்தால், அந்த நடையையும் குழந்தையின் கணக்கிலேயே எழுதிவிடும்.

ஆகவே, இந்த எண்ணைக் கொண்டு "உங்கள் குழந்தை சோம்பேறி" என்று ஒரு பெற்றோரிடம் சொல்வது அநியாயம் என்பதே என் திடமான அபிப்பிராயம். கருவி மெய்யாகவே பயன்படும் இடம் வேறு. தென் கரோலினாவில் 9 பாலர் பள்ளிகளைச் சேர்ந்த 281 குழந்தைகளுக்கு இக்கருவியை அணிவித்து, ரஸ்ஸல் பேட் முதலியோர் 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், குழந்தையின் ஆட்டத்தை நிர்ணயித்த காரணங்களுள் அது எந்தப் பள்ளிக்குப் போகிறது என்பதும் முக்கியமானதாக இருந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே கோட்டை வைத்து அளக்கும்போது, கோட்டின் உயரம் எதுவானாலும் பள்ளிக்கும் பள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். முற்றம் உண்டா, வெயில் தணிந்த பின் எத்தனை நேரம் குழந்தைகளை வெளியே விடுகிறார்கள், பெண் குழந்தைகளையும் ஓட விடுகிறார்களா என்ற கேள்விகளைப் பள்ளி நிர்வாகத்தாரிடம் கேட்பதற்கு இவ்வெண்களைப் போல வலுவான சாட்சியம் வேறில்லை. அளவெடுத்தவர்கள் முதலில் போய் நிற்க வேண்டியது அவர்கள் வாசலில்தான்.