மெட்ராஸ் புல்லட்டுக்கு எதற்கு மைல் மீட்டர்?

தாத்தா ஓட்டிய புல்லட்டைத் தூசி தட்டி 'ரீஸ்டோர்' செய்வது இப்போது ஒரு ஃபேஷன். நல்ல ஃபேஷன்தான். நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் மாட்டுக் கொட்டகை ஓரமாகச் சாக்கு போர்த்திக் கிடக்கும் வண்டிகள் திரும்ப ரோட்டுக்கு வந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் வேலை முடிந்து வெளியே வரும் வண்டியின் ஹெட்லைட் டூமைப் பாருங்கள். பளபளவென்று ஒரு 'ஸ்மித்ஸ்' மீட்டர். கறுப்பு டயல், வெள்ளை எண்கள், வேகமெல்லாம் மைல் கணக்கில். ஏன் என்று கேட்டால், "ஒரிஜினல் இங்கிலீஷ் லுக்குங்ண்ணா" என்று பதில் வரும். ஆர்.சி. புக்கைப் புரட்டினால் வண்டி 1970களில் திருவொற்றியூரில் செய்தது!

இதற்குப் பெயர் ரீஸ்டோரேஷன் இல்லை. மாறுவேடப் போட்டி.

கொஞ்சம் வரலாறு பார்ப்போம். 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். முதலில் ரெட்டிச் ஊரிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள், பிறகு படிப்படியாக இங்கேயே செய்தார்கள். அதே காலத்தில்தான் நாடு மைல், சேர், வீசை எல்லாவற்றையும் விட்டு மெட்ரிக் முறைக்கு மாறியது. எடை அளவுச் சட்டம் 1956ல் வந்தது, நயா பைசா 1957ல் வந்தது. மைல் கற்கள் போய்க் கிலோமீட்டர் கற்கள் நின்றன. வண்டி மீட்டரும் கிலோமீட்டருக்கு மாறியது. 1970ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றுபோனது. அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த வண்டியை உயிரோடு வைத்திருந்தது மெட்ராஸ்தான். அப்படிப்பட்ட வண்டியின் கிலோமீட்டர் டயலைக் கழற்றி எறிந்துவிட்டு மைல் டயலை மாட்டுவது, தமிழ்நாட்டுத் தொழிலாளி செய்த வேலைக்கு வெட்கப்படுவது போல. வெட்கப்பட அதில் என்ன இருக்கிறது?

1950களில் வந்த வண்டி என்றால் மைல் மீட்டர் பொருந்தும். மறுப்பில்லை. ஆனால் அதற்காவது சரியானதை மாட்டுகிறார்களா? ஸ்மித்ஸின் பழைய குரோனோமெட்ரிக் மீட்டருக்குள் கடிகாரம் போல ஒரு எஸ்கேப்மென்ட் உண்டு. குறிப்பிட்ட இடைவெளிக்குள் கேபிள் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணிக் காட்டும். அதனால் முள் வழுக்கி ஏறாது, விட்டு விட்டுக் குதிக்கும். பின்னால் வந்த மேக்னெட்டிக் மீட்டரில், சுழலும் காந்தம் ஒரு அலுமினியக் கிண்ணத்தை இழுக்க, ஹேர்ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்தும். முள் வழுக்கலாக ஏறும். வெளியே குரோனோமெட்ரிக் முகம், உள்ளே மேக்னெட்டிக் குடல் என்று விற்கும் நகல்களும் உண்டு. வண்டி கிளம்பினால் பத்தடியில் வேஷம் கலைந்துவிடும்.

இன்னொரு விஷயம். டயலின் அடியில் சின்னதாக 1600 என்று இருந்தால், கேபிள் 1600 முறை சுற்றினால் ஒரு மைல் என்று அர்த்தம். முன்சக்கரத்தில் இருக்கும் டிரைவ் அதற்குப் பொருந்தாவிட்டால் மீட்டர் பொய்தான் சொல்லும். எத்தனை பேர் இதைப் பார்த்து வாங்குகிறார்கள்?

அடுத்த அநியாயம் ஆம்ப் மீட்டருக்கு நடப்பது. பாட்டரியில் சார்ஜ் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் குட்டி முள் அது. நடுவில் பூஜ்யம், ஒரு பக்கம் கூட்டல், மறுபக்கம் கழித்தல். நடுராத்திரியில் ஆத்தூர் ரோட்டில் விளக்கு மங்கினால் காரணம் தெரிந்துகொள்ள இருந்த ஒரே ஜோசியர். 'வேலை செய்யலை' என்று பிடுங்கிவிட்டு ஓட்டையில் மூடி போடுகிறார்கள். அல்லது வயர் இணைக்காமல் பொம்மை மீட்டர் வைக்கிறார்கள்.

"பழசு கிடைக்கவே மாட்டேங்குதுங்க, என்ன பண்ணச் சொல்றீங்க?" நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது. சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் என்று பழைய சாமான் கடைகளை ஏறி இறங்க வேண்டும். அதற்கு முன்னால், வண்டியிலேயே இருக்கும் செத்த மீட்டரைக் காயலான் கடைக்குப் போடாமல் இருக்க வேண்டும். பெரும்பாலும் காய்ந்துபோன கிரீஸ், உடைந்த கண்ணாடி, அறுந்த கேபிள், இவ்வளவுதான் வியாதி. ஊர்ப்பக்கம் இன்னமும் வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் இருக்கிறார்கள். அந்த மீட்டரில் ஓடி நின்ற எண்கள் வெறும் எண்கள் இல்லை. மண்டிக்கு மஞ்சள் விலை கேட்கப் போனது, பெண் பார்க்கப் போனது எல்லாம் அதற்குள் இருக்கிறது. புது நகலில் இருப்பது ஐந்து பூஜ்யம்.

சட்டத்தை நம்பிப் பயனில்லை. 2021ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதி 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 'வி.ஏ.' எழுத்துகளோடு தனி நம்பர் தருகிறது. சேஸிஸ், பாடி, இன்ஜினைப் பெரிதாக மாற்றக்கூடாது என்கிறது. மீட்டரைப் பற்றி அதில் பேச்சே இல்லை. பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனம் (2012) இன்னும் தெளிவு. காலத்தின் தடயத்தை அழிக்காதே, புதிதாகச் சேர்த்ததைப் புதிது என்று அடையாளம் தெரிய வை என்பதுதான் அதன் சாரம்.

நாமகிரிப்பேட்டைக்காரர்களுக்கு இதைச் சொல்ல டூரின் வரை போக வேண்டியதே இல்லை. நாகஸ்வர வித்வான் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் பெயரோடு சேர்ந்த மண் இது. சீவாளி தேய்ந்தால் வேறு சீவாளி போடுவார்கள். அதற்காகக் குழலைத் தூக்கிப் போட்டுவிட்டு கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு 'இதுதான் ஒரிஜினல்' என்று யாரும் சொல்வதில்லை. கேபிள், பல்பு, கண்ணாடி, ரப்பர் எல்லாம் சீவாளி. தாராளமாக மாற்றலாம். டயலும் எண்களும் குழல்.

கிடைக்கவே இல்லையென்றால் நகலைப் போடுங்கள், தப்பில்லை. ஆனால் வண்டி பிறந்த வருஷத்துக்கும் ஊருக்கும் பொருந்திய கிலோமீட்டர் டயலாகப் போடுங்கள். பின்பக்கம் 'நகல்' என்று எழுதி வருஷத்தையும் குறித்து வையுங்கள். கழற்றிய பழைய மீட்டரைத் துணியில் சுற்றி பத்திரப்படுத்துங்கள்.

முடியாது, ஸ்மித்ஸ்தான் வேண்டும் என்றால் அதுவும் அவரவர் இஷ்டம், அவரவர் காசு. ஆனால் அந்த வண்டியை 'ஒரிஜினல்' என்று மட்டும் சொல்லாதீர்கள். தாத்தா ஓட்டிய வண்டி அது இல்லை.