வைரஸ் மருந்தும் சோதனையும்

சந்தையில் மண்சட்டி வாங்குகின்றவன்கூட இரண்டு தட்டுத் தட்டி ஓசை கேட்ட பிறகுதான் காசு கொடுக்கின்றான். விற்கின்றவன் நல்லவன், நமக்குத் தெரிந்தவன் என்பதற்காகத் தட்டாமல் வாங்குவதில்லை. தட்டிப் பார்ப்பது அவனுக்கு அவமானம் என்று யாரும் சொல்லுவதுமில்லை. சட்டி விஷயத்தில் இருக்கின்ற இந்தப் புத்தி, மருந்து என்று வந்துவிட்டால் மாத்திரம் நம்மில் பலருக்கு எங்கோ ஓடிவிடுகின்றது. பெரிய கம்பெனி மருந்து, சீமையிலிருந்து வந்தது, விலை கோடிக்கணக்கில் என்று சொல்லிவிட்டால் போதும். அதைச் சோதித்தது யார், எப்படிச் சோதித்தார்கள் என்று கேட்பதே குற்றம் போல் வாயை மூடிக்கொள்ளுகின்றோம். இது தப்பு என்பதை எடுத்துக்காட்டவே இவ்வாரம் மரபணு வைத்தியத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதுகின்றோம்.

மரபணு வைத்தியம் என்றால் என்ன? சிலருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணு பழுதாய் இருக்கின்றது. அதனால் உடம்புக்கு வேண்டிய ஒரு புரதம் உண்டாவதில்லை. தண்டுவடத் தசைநலிவு என்கின்ற வியாதி அப்படிப்பட்டது. அதன் கடுமையான வகை வந்த குழந்தைக்குத் தலை நிற்பதில்லை, உட்கார முடிவதில்லை, வைத்தியம் இல்லாவிட்டால் பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் மூச்சு விட முடியாமல் சாகின்றது. தலையெழுத்து என்று சொல்லிப் பெற்றோர்கள் அழுதுகொண்டிருந்த இந்த வியாதிக்கு, இல்லாத மரபணுவை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வைத்தியம். கொண்டுபோவது யார்? வைரஸ். பிறர் உடம்பின் செல்லுக்குள் நுழைவதில் அதைப்போல் கைதேர்ந்தது வேறில்லை. ஆகவே ஆராய்ச்சியாளர்கள் வைரஸின் சொந்தச் சரக்கை எடுத்துவிட்டு, அதன் கூட்டுக்குள் நல்ல மரபணுவை வைத்து அனுப்புகின்றார்கள். பூட்டைத் திறக்கத் தெரிந்த திருடனைக் கொண்டே வீட்டுக்குள் அரிசி மூட்டையைச் சேர்ப்பித்தது போன்ற காரியம் இது.

இவ்வியாதிக்கு ஸோல்ஜென்ஸ்மா என்ற மருந்தை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கலாமென்று 2019 மே 24-ந் தேதி அமெரிக்க சர்க்கார் அனுமதித்தது. அப்பொழுது அதற்கு வைத்த விலை 21,25,000 டாலர். குழந்தையின் எடையில் கிலோ ஒன்றுக்கு 110 லட்சம் கோடி வைரஸ் வீதம் ஒரே ஒரு தரம் இரத்தத்தில் ஏற்றுகின்றார்கள். மறுதரம் ஏற்ற முடியாது. ஏனெனில், ஒரு தரம் கண்ட வைரஸை உடம்பு அடையாளம் தெரிந்துகொண்டு எதிர்த்து நிற்கும். ஆகவே, முதல் ஊசியில் பிசகு நேர்ந்தால் அதைத் திருத்த இரண்டாவது ஊசி கிடையாது. சோதனை ஏன் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

நிற்க, எதைச் சோதிப்பது? விவசாயிகளான நமது வாசகர்களுக்கு இது சுலபமாய் விளங்கும். களத்தில் அடித்த நெல்லில் மணியும் இருக்கும், பதரும் இருக்கும். வைரஸ் அறுவடையும் அப்படியே. மரபணு இல்லாத காலிக் கூடுகள் பாதிக்கு மேல், சில சமயம் பத்தில் ஒன்பது பங்குகூட, கலந்து வருவதுண்டு. பதரை ஏற்றினால் வியாதி தீராது. அதோடு, அத்தனை கூடும் ஈரலுக்கும் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கும் வீண் சுமை. இந்த மருந்தினால் ஈரல் கெடக்கூடும் என்று அதன் சீட்டிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருக்கின்றது. ஆனால் இப்பதரைக் கண்ணால் பார்த்துப் பொறுக்க முடியாது. ஒரு மில்லிமீட்டரை 40,000 கூறு போட்டால் ஒரு கூறுதான் ஒரு வைரஸ். ஆகவே, அதிவேகமாய்ச் சுழலும் யந்திரத்தில் போட்டு, கனமான மணி சீக்கிரம் இறங்குவதையும் பதர் பின்தங்குவதையும் பார்த்துக் கணக்கெடுக்கின்றார்கள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தும் பார்க்கின்றார்கள்.

மணி என்று தெரிந்தால் மட்டும் போதுமா? விதை நெல்லை ஈரத்துணியில் கட்டி முளைக்கின்றதா என்று பார்க்கின்றோம் அல்லவா? அதுபோல மருந்தை உயிருள்ள செல்களின்மேல் விட்டு, அவை வேண்டிய புரதத்தை உண்டாக்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். பாக்டீரியா, பூஞ்சைக் கிருமிகள் இல்லை என்று உறுதி சொல்ல 14 நாள் வளர்த்துப் பார்க்க வேண்டும். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்கு 28 நாள் ஆகும்.

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி ஒன்றுண்டு. தானாகப் பெருகக்கூடிய வைரஸ் ஏதாவது ஒளிந்து கொண்டிருக்கின்றதா என்பதே அது. இது வெறும் பயமல்ல. 1992-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், இப்படிப்பட்ட வைரஸ் கலந்த சரக்கைக் கொண்டு வைத்தியம் செய்யப்பட்ட 10 குரங்குகளில் 3-க்கு இரத்தச் செல்களில் புற்றுநோய் கண்டது. குரங்குகள் கொடுத்த அந்த விலையை மனிதர்கள் கொடுக்காமலிருக்க வேண்டுமானால், சோதனையை விடக்கூடாது.

சோதிக்கின்ற கருவியும் சோதனைக்கு உட்பட்டதுதான். ஒரே வைரஸ் சரக்கை 16 ஆராய்ச்சிசாலைகளுக்கு அனுப்பி அளந்து பார்த்த முடிவு 2010-ல் வெளிவந்தது. சரக்கு ஒன்றுதான், ஆனால் எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஊருக்கு ஒரு மரக்கால் இருந்தால் குத்தகை நெல்லில் யார் ஏமாறுவார் என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் எல்லோரும் ஒத்துப் பார்க்கத்தக்க ஒரு பொதுச் சரக்கை ஏற்படுத்தி வைத்தார்கள்.

அளவுகோல் சரியாய் இருந்தும், கணக்கு எழுதுகின்றவன் பொய் எழுதினால் என்ன செய்வது? அதுவும் நடந்திருக்கின்றது. மேலே சொன்ன ஸோல்ஜென்ஸ்மாவைச் செய்த அவெக்ஸிஸ் கம்பெனியில், எலிகளை வைத்து மருந்தின் வீரியத்தைப் பார்த்த சோதனைக் கணக்குகளில் சில திருத்தப்பட்டிருந்தன. கம்பெனிக்கு இது 2019 மார்ச் மாதத்திலேயே தெரியும். மே மாதத்தில் அனுமதி வாங்கிக்கொண்டார்கள். சர்க்காருக்குத் தெரிவித்ததோ ஜூன் மாதக் கடைசியில்! ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க மருந்து இலாகா இதைப் பகிரங்கமாய் வெளியிட்டது. பிசகான கணக்கு விண்ணப்பத்தில் ஒரு சிறு பகுதிதான் என்றும், மருந்தை விலக்க வேண்டியதில்லை என்றும் அதுவே சொல்லிற்று. மருந்து நல்லதாகவே இருக்கட்டும். நல்ல மருந்துக்குப் பொய்க் கணக்கு எதற்கு என்பதே நம் கேள்வி. ஒரு பொய் எண்ணைக் கண்டபின், மீதி எண்களை எந்தத் தாய் மனம் துணிந்து நம்புவாள்?

சோதனைகளைக் குறைத்தால் விலை குறையுமே என்று சிலர் கேட்கக்கூடும். விலை குறைய வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணையே இல்லை. ஏழைக் குழந்தைக்கும் எட்ட வேண்டியதுதான் வைத்தியம். ஆனால் இலாபத்தில் கை வைக்காமல் சோதனையில் மாத்திரம் கை வைப்போம் என்பது, எடைக்கல்லைத் தேய்த்துவிட்டுச் சாமானை மலிவாய் விற்பதாகச் சொல்லுவதே ஆகும்.

இது எங்கோ அமெரிக்கச் சங்கதி, நமக்கென்ன என்றும் இருந்துவிட முடியாது. இரத்தம் உறையாத வியாதியான ஹீமோபிலியாவுக்கு, நமது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 5 பேருக்கு மரபணு வைத்தியம் செய்து, அவர்களுக்கு இரத்தக் கசிவு நின்றதை 2024-ல் வெளியிட்டார்கள். அதில் மரபணுவைச் சுமந்து போனது லென்டி வைரஸ். எய்ட்ஸ் வியாதியைக் கொடுக்கும் வைரஸின் வம்சத்தைக் கொண்டு, வியாதி கொடுக்கும் பாகங்களை நீக்கிச் செய்யப்படுவது அது. மனித அறிவு விஷத்தையும் மருந்தாக்கிவிட்டது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. ஆனால், நீக்கியது நீங்கித்தான் இருக்கின்றதா என்று ஒவ்வொரு தயாரிப்பிலும் பார்த்தால்தான் அது மருந்து, பாராவிட்டால் விஷம்.

ஆதலால் நாம் சொல்லுவது இதுதான். மருந்து செய்கின்றவன் சோதிக்கட்டும்; ஆனால் அவன் சொல்லே முடிவாகக்கூடாது. அவனிடம் சம்பளம் வாங்காதவர்களும் சோதிக்க வேண்டும். கணக்கு எழுதினவன் திருத்த முடியாதபடி கணக்கு இருக்க வேண்டும். முடிவுகள் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்காமல் பொது ஜனங்களுக்கு வெளியாக வேண்டும். பிள்ளையின் கையில் ஊசி ஏறுவதற்கு முன், “இந்தத் தயாரிப்பில் மணி எவ்வளவு, பதர் எவ்வளவு? பார்த்தது யார்?” என்று கேட்கின்ற தகப்பனை அதிகப்பிரசங்கி என்று எந்த டாக்டரும் சொல்லக்கூடாது. அப்படிக் கேட்பது விஞ்ஞானத்தின்மேல் சந்தேகம் கொண்டதாகாது. கேட்டுக் கேட்டு, சோதித்துச் சோதித்து வளர்ந்ததுதான் விஞ்ஞானம். கேள்வி நின்ற இடத்தில் அதுவும் நின்றுவிடும்.