போர்நூற் பயிற்சி

'எம்டன்' என்னும் சொல்லை இளமையில் என் பாட்டியார் வாயிலாகக் கேட்டேன். சூழ்ச்சியில் வல்ல பிள்ளையைக் கண்டால், "இவன் பெரிய எம்டன்" என்பார். அது தமிழ்ச்சொல்லோ வடசொல்லோ என்று நிகண்டுகளைப் புரட்டிப் பார்த்ததும் உண்டு! அஃது ஒரு செருமானியப் போர்க்கப்பலின் பெயர் என்பதைப் பின்னரே அறிந்தேன். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு அக்கப்பல் சென்னைத் துறைமுகத்தை அணுகிக் குண்டு பொழிந்தது. எண்ணெய்க் கிடங்குகள் தீப்பற்றி எரிந்தன. நகரமாந்தர் பலர் அஞ்சி வெளியூர்களுக்கு ஓடினர். நாளடைவில் வரலாறு மறந்துபோயிற்று. சொல் ஒன்றே எஞ்சியது.

இரண்டு உலகப் பெரும்போர்களைப் பற்றி நம் இளைஞர் பலர் அறிந்திருப்பதும் ஏறக்குறைய இவ்வளவே. படைத்தலைவர் சிலரின் பெயர்களும் திரைப்படக் காட்சிகளும் அவர்க்குத் தெரியும். போர் ஏன் மூண்டது, மாண்டவர் யாவர் என வினவின் விடை வாராது. ஆதலின், அவர் கற்கத்தக்க நூல்கள் சிலவற்றை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

பார்பரா டக்மன் என்னும் அமெரிக்க அம்மையார் 1962இல் வெளியிட்ட 'தி கன்ஸ் ஆஃப் ஆகஸ்ட்' முதற்கண் கற்கத்தக்கது. 1914 ஜூன் 28இல் சாரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். ஆறு வாரம் கழியுமுன் ஐரோப்பியப் பேரரசுகள் ஐந்தும் போரில் மூழ்கின. படைகளை எந்நாளில் எந்தப் புகைவண்டியில் ஏற்றுவது என்று முன்னரே வகுத்து வைத்த திட்டங்கள், அமர்ந்து சிந்திக்கவும் இடங்கொடாமல் அரசுகளை இழுத்துச் சென்றதை அம்மையார் தெளிவுறக் காட்டுகின்றார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி இந்நூலைத் தாம் கற்றதோடு, தம் அலுவலர்க்கும் கற்கத் தந்தார். செர்பியப் போர்முனையை நூலாசிரியர் விட்டுவிட்டது குறையே. எனினும் தொடங்குவார்க்கு இதனினும் சிறந்த வாயில் இல்லை.

அடுத்துக் கற்க வேண்டுவது வரலாற்று நூல் அன்று, ஒரு புதினம். முதற்பெரும்போரில் காயமுற்ற செருமானிய வீரர் எரிக் மரியா ரிமார்க் எழுதி 1929இல் நூலாக வந்த 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' என்பது அது. அதில் கன்டோரக் என்னும் பள்ளியாசிரியர் ஒருவர் வருகின்றார். நாட்டுப்பற்றை எடுத்துக் கூறி, வகுப்பு மாணவர் அனைவரையும் படையிற் சேரச் செய்கின்றார். சேரத் தயங்கிய மாணவன் ஒருவனே அவருள் முதலில் மாள்வோருள் ஒருவனாகின்றான். இப்பகுதியைப் படித்தபோது நூலை மூடி வைத்துவிட்டேன். யானுங்கூட, புறப்பாடல்களை நடத்துங்கால் யானையை வீழ்த்தி மீண்ட வீரரைக் குரலுயர்த்திப் பாராட்டியவனே. பரணியிற் பேய்கள் கூழ் சமைக்கும் பகுதியைச் சொல்லி மாணவரை நகைக்கச் செய்தவனே. அவ்விலக்கியங்களின் சுவையை இன்றும் மறுக்கிலேன். ஆயினும், அவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் ரிமார்க்கின் நூலையும் கற்றிருத்தல் வேண்டும் என்பது என் துணிபு. 1933இல் நாசிகள் இந்நூலைத் தீயிலிட்டனர்.

இரண்டாம் பெரும்போரைப் பற்றிச் சர்ச்சில் எழுதிய ஆறு தொகுதிகளைப் பலரும் புகழ்வர். இலக்கியத்திற்கான நோபெல் பரிசை 1953இல் பெற்றவர் அவர், நடை வீறுடையது. ஆனால், போரை நடத்தியவரே அதன் வரலாற்றையும் எழுதுதல், வழக்காடியவரே தீர்ப்பும் கூறுவதை ஒக்கும். சோவியத்து மண்ணில் நிகழ்ந்த மாபெரும் போர்களுக்கு அவர் அளித்த இடம் சிறிது. ஆகவே, இதனைப் பிற நூல்களோடு ஒப்பிட்டுக் கற்க வேண்டும், தனித்துக் கற்றலாகாது. ஆன் பிராங்கு என்னும் சிறுமியின் நாட்குறிப்பை நீவிர் முன்பே அறிந்திருப்பீர், அதனை விரித்திலேன்.

பசுக்களும் பெண்டிரும் பிணியாளரும் காப்பிடம் தேடிச் செல்லுமாறு முன்னறிவித்து, அதன்பின் அம்பு தொடுக்கும் அறநெறியைப் புறநானூற்றிற் காண்கிறோம். 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் காலையில் இரோசிமாவில் அந்நெறி என்னாயிற்று என்பதை ஜான் எர்சி எழுதிய 'இரோசிமா' கூறும். உயிர் தப்பிய அறுவரின் கதை அது: மருத்துவர் இருவர், சமயத் தொண்டர் இருவர், தையற்காரரின் கைம்பெண் ஒருத்தி, அலுவலகப் பெண் ஒருத்தி. அலுவலகப் பெண்ணின் மீது புத்தக அலமாரி சரிந்து கால் நொறுங்கியது. நூலாசிரியர் ஓரிடத்தும் சினந்து பேசுகின்றிலர். அறுவரும் என்ன கண்டனர், என்ன செய்தனர் என்று மட்டுமே கூறிச் செல்கின்றார்.

தமிழிலும் நூல்கள் உள. சப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவிற்கு 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதை அமைத்தனர். மலேயா இரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பலர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டு, நோயாலும் பசியாலும் மாண்டனர். அப்பாதையில் உழைத்த வெள்ளையர் போர்க்கைதிகள் தம் துயரைத் தாமே நூல்களாக எழுதினர். நம்மவர் துயரை மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் புதினத்தில் எழுதினார். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யும் அப்போர்க்காலத்துக் கடல்கடந்த தமிழரைப் பற்றியதே. யான் மேலே கூறிய வரிசையை மாற்றி, இவ்விரண்டையும் ஒருவர் முதலிலேயே எடுத்துக் கற்பினும் எனக்கு உடன்பாடே.