வரைபடத்துக்கு மான்யம், வேலைக்கு வேட்டு!

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், டீஸ் நதி கடலில் கலக்கும் இடத்தில், ரெட்கார் என்று ஓர் ஊர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வட்டாரத்து ஜனங்கள் இரும்பை உருக்கிப் பிழைத்து வந்தவர்கள். ஆஸ்திரேலியாவில் சிட்னி துறைமுகத்தின் மேல் 1932-ல் திறக்கப்பட்ட பெரிய பாலத்தின் எஃகில் பெரும்பகுதி இந்த வட்டாரத்துத் தொழிலாளி வார்த்துக் கொடுத்ததுதான்.

2015 ஜூலையில் அந்த ஊருக்கு ஒரு நல்ல சேதி சொன்னார்கள். எஃகு ஆலை, உர ஆலை, ரசாயன ஆலைகள் ஆகியவற்றின் புகைபோக்கிகளில் வெளியேறும் கரியமில வாயுவைக் காற்றில் விடாமல் பிடித்து, குழாய் வழியே கொண்டுபோய், வடகடலுக்கு அடியில் பாறைக்குள் அடைத்துவிடும் திட்டம் எழுதி முடிந்துவிட்டது என்றார்கள். எஸ்.எஸ்.ஐ., பி.ஓ.சி., லோட்டே, குரோஹவ் என்று நான்கு கம்பெனிகள் அதில் சேர்ந்திருந்தன. திட்டத்தை எழுதுவதற்கு பிரிட்டிஷ் சர்க்காரின் எரிசக்தி இலாகா 10 லட்சம் பவுண்டு மான்யம் தந்திருந்தது. (ஒரு பவுண்டு இன்று நம் ரூபாயில் நூறுக்கு மேல்.) இனி இந்த வட்டாரத்துத் தொழில்களுக்கு நல்ல எதிர்காலம் என்று பேசினார்கள்.

செப்டம்பரில் எஸ்.எஸ்.ஐ. எஃகு ஆலையில் உற்பத்தி நின்றது. அக்டோபரில் கம்பெனி திவாலாயிற்று. 2,200 தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள். ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையே எத்தனை மாதம் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

இந்த ஆலை நமக்கு முற்றிலும் அந்நியமான ஆலை அல்ல. 2007-ல் கோரஸ் கம்பெனியை விலைக்கு வாங்கியபோது இது டாடாவின் கைக்கு வந்தது. 2010-ல் டாடா நிர்வாகம் உலையை நிறுத்திற்று. 2011-ல் தாய்லாந்துக் கம்பெனியான எஸ்.எஸ்.ஐ.க்கு விற்றது. 2012-ல் உலை மறுபடி எரிந்தது. மூன்றரை ஆண்டு எரிந்து அணைந்தது. ‘உலையைக் காப்பாற்று’ என்று தொழிற்சங்கங்கள் கேட்டபோது, ஆலைக்குப் பணம் தர ஐரோப்பியச் சட்டம் இடம் தராது என்று சர்க்கார் கையை விரித்தது. வேலை போனவர்களுக்கு 8 கோடி பவுண்டு உதவி என்று பிறகு அறிவித்தார்கள். வரைபடம் எழுதக் கொடுக்க இடம் தந்த சட்டம், உலையை எரிய வைக்கக் கொடுக்க இடம் தரவில்லை! 2022 நவம்பரில் அந்த உலையை வேட்டு வைத்துத் தகர்த்தார்கள்.

இந்தக் கரியமில வாயு பிடிக்கும் வேலை என்ன என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். நான் பள்ளியிறுதியோடு நின்றவன். ரசாயனம் எனக்குத் தூரம். ஆனால் பாய்லர் பார்த்த எந்தத் தொழிலாளிக்கும் இது புரியும். புகையை ஓர் உயரமான கோபுரத்துக்குள் கீழிருந்து மேலே விடுகிறார்கள். மேலிருந்து ஒரு ரசாயனத் திரவம் மழைபோல் வடிகிறது. திரவம் கரியமில வாயுவை மட்டும் பற்றிக்கொள்கிறது. அந்தத் திரவத்தை இன்னொரு கோபுரத்தில் நீராவியால் சூடாக்கினால் பற்றியதை விட்டுவிடும். விட்ட வாயுவை அழுத்திச் சுருக்கிக் குழாயில் ஏற்ற வேண்டும். நீராவிக்கு எரிபொருள் வேண்டும், அழுத்துவதற்கு மின்சாரம் வேண்டும். செலவெல்லாம் அங்கேதான்.

இது வெறும் பம்மாத்து என்று நான் சொல்லவில்லை. சுண்ணாம்புக் காளவாயைப் பார்த்தவர்கள் உண்டு. கல்லைச் சுட்டால் அந்தக் கல்லுக்குள்ளிருந்தே கரியமில வாயு கிளம்பும். சிமென்ட் ஆலையிலும் அதுவே. நிலக்கரியை நிறுத்திவிட்டு வேறு எதைக் கொண்டு சுட்டாலும் கல்லிலிருந்து வரும் வாயு வரத்தான் செய்யும். அங்கே இந்த முறைக்கு நியாயமான இடம் இருக்கிறது. கோடை ஏறிக்கொண்டே போவதையும், மழை காலம் தப்பிப் பெய்வதையும் நடவுக்குப் போகிற பெண்ணுக்கு யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை. புகையைப் பிடிக்கத்தான் வேண்டும். கேள்வி அதுவல்ல.

வீடு கட்டுகிறவன் முதலில் பிளானும் எஸ்டிமேட்டும் போட்டு வாங்குகிறான். அதுபோல் இந்தக் கோபுரங்களுக்கும் கட்டுமானத்துக்கு முன்னால் வடிவமைப்பு வேண்டும். எந்த அளவுக் குழாய், எவ்வளவு நீராவி, எந்த வழியாகப் போவது, மொத்தச் செலவு என்ன என்பதெல்லாம் அதில் எழுதப்படும். அது இல்லாமல் எந்த பாங்கும் கடன் தராது. இதற்கே கோடிக்கணக்கில் செலவாகும். ‘கட்டுவோமா இல்லையா என்றே தெரியாத வேலைக்கு எங்கள் பணத்தை எப்படிப் போடுவது? சர்க்கார் கொடுக்கட்டும்’ என்கிறார்கள் முதலாளிகள். சர்க்காரும் கொடுக்கிறது. வாங்கிக்கொண்டு, கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையைக் கம்பெனி தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்கிறது.

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். மின்நிலையப் புகையைப் பிடிக்க 2007-ல் ஒரு போட்டி வைத்தார்கள், 2011-ல் கைவிட்டார்கள். செலவு 6 கோடியே 80 லட்சம் பவுண்டு. 2012-ல் இரண்டாவது போட்டி. ஜெயித்தவர்களுக்கு 100 கோடி பவுண்டு என்றார்கள். ஷெல் கம்பெனியின் பீட்டர்ஹெட் திட்டத்துக்கும், யார்க்ஷயரில் ஒயிட் ரோஸ் என்ற திட்டத்துக்கும் வடிவமைப்புப் பணம் போயிற்று. 2015 நவம்பரில், ரெட்கார் உலை அணைந்த மறுமாதம், நிதி மந்திரி அந்த 100 கோடியை ரத்துச் செய்தார். அதற்குள் 10 கோடி பவுண்டு கரைந்திருந்தது. இரண்டும் சேர்ந்து 16 கோடியே 80 லட்சம் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமே 2017-ல் கணக்குக் கொடுத்தது. வடிவமைப்பு அறிக்கைகளை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு டன் வாயுவையாவது பிடித்தார்களா? இல்லை.

2021 மார்ச்சில் மறுபடி மான்யம் வந்தது. இந்த முறை தொழிற்சாலை வட்டாரங்களுக்கு. ஒன்பது திட்டங்களின் பொறியியல், வடிவமைப்பு வேலைக்கு 17 கோடியே 10 லட்சம் பவுண்டு. அதில் டீஸ் கரைத் திட்டத்துக்கும் அதன் கடலடிக் குழாய்க்கும் மட்டும் 5 கோடியே 20 லட்சம். யாருடைய திட்டம்? பி.பி., ஈக்வினார் போன்ற எண்ணெய்க் கம்பெனிகள் முன்னின்று நடத்தும் திட்டம். மறு ஆண்டே, 2022-ல், 2,770 கோடி டாலர் லாபம் என்று பி.பி. தானே அறிவித்தது. பிளான் போடக் காசில்லாமல் தவித்த கம்பெனி இதுதான்!

இப்போது அந்தப் பழைய எஃகு ஆலை நிலத்தில் கோபுரம் எழும்பப் போகிறது. ஆனால் எஃகுக்கு அல்ல. எரிவாயுவில் ஓடும் புதிய மின்நிலையத்துக்கு! எந்த உலைகளின் புகையைச் சொல்லி முதல் திட்டம் எழுதினார்களோ, அந்த எஃகு உலை இல்லை. உர ஆலை என்னவாயிற்று? பில்லிங்ஹாமில் இருந்த அதன் அம்மோனியாப் பகுதியையும் 2023-ல் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்துவிட்டார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது? 2024 அக்டோபரில் தொழிற்கட்சி சர்க்கார் டீஸ் கரைக்கும் லிவர்பூல் பக்கத்து வட்டாரத்துக்கும் 25 ஆண்டுகளில் 2,170 கோடி பவுண்டு வரை என்று அறிவித்தது. 2025 பிப்ரவரியில் பார்லிமெண்டின் பொதுக் கணக்குக் குழு இதைப் பரிசீலித்து, ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நுகர்வோர் மீது விதிக்கும் தீர்வையிலிருந்துதான் வரும் என்று சொல்லிற்று. அதாவது மின்சார பில்லிலிருந்து. ஆலை மூடி வீட்டில் உட்கார்ந்திருக்கும் ரெட்கார் தொழிலாளியும் விளக்குப் போடுகிறார் அல்லவா? அவரும் கட்டுகிறார்.

ஸ்காட்லாந்திலும் இதே கதை. அங்குள்ள குழாய்த் திட்டத்துக்கு 2021-ல் கிடைத்த வடிவமைப்பு மான்யம் 3 கோடியே 10 லட்சம் பவுண்டு. அந்தத் திட்டத்துக்கு வாயு தரப் போவதாகச் சேர்ந்தவற்றில் ஒன்று கிரேஞ்ச்மவுத் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. 2025 ஏப்ரலில் அது சுத்திகரிப்பை நிறுத்திற்று. 400-க்கு மேற்பட்டோருக்கு வேலை போயிற்று.

அமெரிக்காவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எட்டு நிலக்கரித் திட்டங்களுக்கு 68 கோடி டாலருக்கு மேல் கொடுத்ததில் ஒன்றுதான் ஓடிற்று என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2021-ல் சொன்னது. தொழிற்சாலைத் திட்டங்கள் மூன்றில் இரண்டு கட்டப்பட்டன என்றும் அதுவே சொன்னது. உள்ளதை மறைக்கக் கூடாது. பிறகு 2025 மே 30-ந் தேதி, சிமென்ட் ஆலைகளுக்குத் தருவதாகச் சொன்னது உட்பட 24 திட்டங்களின் 370 கோடி டாலரை ஒரே நாளில் ரத்துச் செய்தார்கள்.

நம் பக்கம் வருவோம். தூத்துக்குடி ஆல்கலி ரசாயன ஆலையில் 2016-ல் ஒரு காரியம் நடந்தது. நிலக்கரி பாய்லரின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்பு செய்யும் ஏற்பாடு அது. சர்க்கார் மான்யம் இல்லாமல் நிறுவினார்கள். ஆலைக்கு வாயு தேவை, அதற்காகத்தான் செய்தேன், உலகத்தைக் காப்பாற்ற அல்ல என்று முதலாளி ஒளிவு மறைவின்றிப் பேட்டி கொடுத்தார். அந்த முறையைக் கண்டவர்கள் நம் நாட்டுப் படிப்பாளிகள் இருவர். இங்கே பணம் போட ஆள் கிடைக்காமல் லண்டனுக்குப் போனார்கள். பிரிட்டிஷ் சர்க்கார் மான்யம் தந்து வரவேற்றது. ஆக, மான்யத்தால் நல்லது விளையவே விளையாது என்றும் சொல்வதற்கில்லை. (அந்தச் சோடா உப்பைக் கண்ணாடி உலையில் போட்டு உருக்கினால் வாயு மறுபடி வெளியேறும். இது நிரந்தரமாக அடைப்பது ஆகாது.)

அந்தப் பணம் இப்போது இங்கேயும் வருகிறது. 2026 பிப்ரவரி 1-ந் தேதி மத்திய பட்ஜெட்டில் மின்சாரம், எஃகு, சிமென்ட், எண்ணெய் சுத்திகரிப்பு, ரசாயனம் ஆகிய ஐந்து தொழில்களில் இந்த வேலைக்கென்று ஐந்து ஆண்டுகளில் 20,000 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்திருக்கிறார்கள். அரியலூரில் சிமென்ட் இருக்கிறது, மணலியில் சுத்திகரிப்பு இருக்கிறது, நெய்வேலியில் அனல் மின்சாரம் இருக்கிறது. ஆகவே ரெட்கார் கதை நமக்கு ஊர்க்கதை அல்ல.

விவசாயத் தொழிலாளர்களும் இதைக் கவனிக்க வேண்டும். குழாய் யார் வயலில் போகும் என்பது வரைபடத்தில்தான் எழுதப்படுகிறது. கொங்கு மாவட்டங்களில் எரிவாயுக் குழாயை எதிர்த்து 2013-ல் நடந்த போராட்டம் பலருக்கு ஞாபகம் இருக்கும். அங்கே அளவுக்கல் நட்ட பிறகுதான் பல ஊர்களுக்கு விஷயமே தெரிந்தது. கரியமில வாயுக் குழாய் வேறு மாதிரி ஆபத்து. அது தீப்பிடிக்காது, ஆனால் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கி மூச்சை அடைக்கும். அமெரிக்காவில் மிஸ்ஸிஸிப்பி மாகாணத்துச் சடார்ஷியா கிராமத்தின் அருகே 2020 பிப்ரவரியில் இப்படி ஒரு குழாய் வெடித்தபோது 45 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காற்றில் பிராணவாயு குறைந்ததால் தப்பி ஓடக் கிளம்பிய கார்கள்கூட நின்றுபோயின.

பல ஆண்டுகளுக்கு முன், நான் சங்க வேலை பார்த்த ஊரில் ஒரு பஞ்சாலை. நவீனப்படுத்துகிறோம் என்று வட்டிச் சலுகையோடு கடன் வாங்கினார்கள். புது மெஷின் வந்தது. கூடவே விருப்ப ஓய்வுக் காகிதமும் வந்தது. முந்நூறு பேர் வேலை செய்த இடத்தில் எண்பது பேர் மிஞ்சினார்கள். ‘சர்க்கார் பணம் கொடுத்த ஒப்பந்தத்தில் எங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையா, ஐயா?’ என்று எங்கள் சங்கத் தலைவர் கேட்டார். ‘அது ஸ்கீமில் இல்லையே’ என்றார் ஆபீசர். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே ஸ்கீமில் இல்லை.

இந்த 20,000 கோடியின் ஸ்கீமில் அது இருக்க வேண்டும். வடிவமைப்புக்குப் பணம் வாங்குகிற கம்பெனி, இத்தனை ஆண்டுகளுக்குள் ஆலையை மூடினாலோ ஆள்குறைப்புச் செய்தாலோ வாங்கியதை வட்டியோடு திருப்பித் தருவேன் என்று கையெழுத்துப் போடட்டும். கோபுரத்துக்கு எத்தனை டன் எஃகு என்று எழுதுகிற இன்ஜினீயர், அதை ஓட்ட எத்தனை பேர், அவர்கள் நிரந்தரமா காண்டிராக்டா என்பதையும் அதே அறிக்கையில் எழுதட்டும். குழாய் போகும் பாதையைக் கல் நடுவதற்கு முன் கிராம சபையில் படித்துக் காட்டட்டும். கட்டாமல் கைவிட்டால் நஷ்டம் ஜனங்களுக்கு என்றால், கட்டி லாபம் வரும்போது அதிலும் ஜனங்களுக்குப் பங்கு வேண்டும். இது பிச்சை கேட்பதல்ல. பாங்கு கடன் கொடுத்தால் இதைவிடக் கடுமையான நிபந்தனை போடும்.

உங்கள் ஆலையில் தலையில் தொப்பி போட்ட புது ஆட்கள் புகைபோக்கியை அளந்துகொண்டு திரிந்தால், சங்கம் உடனே விசாரிக்க வேண்டும். சர்க்கார் பணமாக இருந்தால், கொடுத்த இலாகாவிடம் மான்ய ஒப்பந்தத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். மத்திய சர்க்கார் இலாகா என்றால் மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். வியாபார ரகசியம் என்று மறுத்தால் 30 நாளுக்குள் மேல் முறையீடு செய்யலாம்.